ஓவியம் மலையேறும் முன்

சேலத்தில் ஓவியர்கள் பலர் சேர்ந்து வைக்கும் கண்காட்சியில், படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் அது விற்றுவிட்டது என்று அர்த்தம். சரி, பொட்டு இல்லாத நீர்வண்ண ஓவியம் ஒன்று பிடித்துப்போய் வாங்குகிறீர்கள். வீடு ஏற்காட்டில் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரம்; மூடுபனி, மழை. காகிதத்தில் ஈரம் ஏறினால் பூஞ்சைப் புள்ளிகள் வந்துவிடும், பிறகு அவற்றை எடுப்பது பெரும்பாடு.

பிரேம் போடும்போது கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி நடுவில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். அதுவும் அமிலம் இல்லாத அட்டையாக. சாதாரண அட்டை நாளடைவில் காகிதத்தைப் பழுப்பாக்கிவிடும். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டவே மாட்டாதீர்கள். அப்புறம், கண்காட்சியிலேயே ஓவியரிடம் என்ன காகிதம், என்ன வண்ணம் என்று கேட்டு, பிரேமின் பின்பலகையில் எழுதி ஒட்டுங்கள்.