கிண்ஜிம்: முட்டை வாடை போன கதை

பிரேசிலின் பாயியா பக்கத்து இனிப்பான கிண்ஜிம் எனக்கு உயிர். முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, தேங்காய், வெண்ணெய், அவ்வளவுதான் சேர்மானம். போர்ச்சுகலின் கிறிஸ்தவ மடங்களில் செய்யும் மஞ்சள் கரு இனிப்புகள் பலவற்றில் பாதாம் இருக்கும். பிரேசிலில் அந்த இடத்துக்குத் தேங்காய் வந்தது.

நான் செய்த முதல் இரண்டு தடவையும் முட்டை வாடை அடித்தது. கண்ணாடி போல மின்ன வேண்டிய மேல்பகுதியும் வரவில்லை, முழுக்கத் தேங்காய்த் திப்பியாகவே இருந்தது. மனசு விட்டுப்போச்சு.

வாடைக்குக் காரணம் கருவைச் சுற்றியுள்ள மெல்லிய தோல். 10 கருக்களைச் சல்லடையில் போட்டு, கத்தி நுனியால் கீறி, தானாக வடிய விட்டேன். கரண்டியால் அழுத்தித் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் தோலும் சேர்ந்து இறங்கிவிடும். அப்புறம் 250 கிராம் சர்க்கரை, 100 கிராம் துருவிய தேங்காய், உருக்கி ஆறவைத்த 50 கிராம் வெண்ணெய் சேர்த்து, நுரை வராமல் மெதுவாகக் கலந்தேன்.

மினுமினுப்புக்குத் தேவைப்பட்டது பொறுமை. வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவிய அச்சில் ஊற்றி, அரை மணி நேரம் அப்படியே வைத்தேன். தேங்காய் மேலே மிதந்து வர, கரு அடியில் தங்கியது. கவிழ்க்கும்போது அந்த அடிதானே மேல்பக்கம்! சுடுநீர்த் தட்டில் அச்சை வைத்து, 180 டிகிரி அவனில் 40 நிமிடம்.

வெதுவெதுப்பாக இருக்கும்போதே கவிழ்த்துவிடுங்கள். நன்றாக ஆறிவிட்டால் ஒட்டிக்கொள்ளும். அச்சின் அடியைச் சில நொடி வெந்நீரில் வைத்தால் விட்டுவிடும்.