பின்னெஷொட் வாங்கிவிட்டீர்களா? முதலில் உப்பை இறக்குங்கள்

கிறிஸ்மஸ் நெருங்கினால் நோர்வேயில் றெமா, கிவி, கூப் கடைகள் எல்லாம் போட்டிக்கு விலை குறைக்கும் சாமான்களில் பின்னெஷொட்டும் ஒன்று. உப்பில் ஊறிக் காய்ந்த ஆட்டு விலா. மேற்கே பேர்கன், வொஸ் பக்கம் டிசம்பர் 24 இரவுச் சாப்பாடு இதுதான். ஒஸ்லோக்காரர் பெரும்பாலும் பன்றி விலாவான ரிப்பே. ஆட்டிறைச்சி மலிவாய்க் கிடக்கிறதே என்று நம்மவர்கள் அள்ளிக்கொண்டு வந்து, கருவாடு மாதிரி இரண்டு தண்ணீரில் அலசிக் கறிச்சட்டியில் போட்டுவிடுகிறார்கள். பிறகு எவ்வளவு தேங்காய்ப்பால் விட்டாலும் அந்தக் கறி மீளாது. உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுக்கும் என்ற கைவைத்தியமும் பலிக்காது. உப்பு குழம்பில் இல்லை, எலும்பு வரை இறைச்சிக்குள் இருக்கிறது.

பொதியில் நாலு சொல் பார்த்தால் போதும். ‘லாம்’ இளம் ஆடு. ‘சௌ’ முதிர்ந்தது, கொழுப்பும் வாடையும் கூட, வேகவும் நேரம் எடுக்கும். ‘றொக்த்’ என்றால் புகையூட்டியது. ‘உட்வான்னெட்’ என்றிருந்தால் ஏற்கெனவே ஊறவைத்து முடித்தது. அதைத் திரும்ப ஊறப்போட்டால் சக்கைதான் மிஞ்சும். ஆளுக்கு எலும்போடு 400 முதல் 500 கிராம் கணக்கு.

விலா முழுத் துண்டாக இருந்தால் ஊறவைக்க முன்னரே எலும்புக்கு எலும்பு நடுவே வெட்டுங்கள். வெட்டிய பக்கத்தால்தான் உப்பு வேகமாய் இறங்கும். கிலோவுக்கு நாலைந்து லீற்றர் குளிர்ந்த தண்ணீர், இறைச்சி முழுக்க அமிழ வேண்டும். நேரம் சுமார் 30 மணி. ‘ஒரு இரவு போதும்’ என்று யாராவது சொன்னால் அவர் வீட்டில் சாப்பிடப் போகாதீர்கள். தண்ணீரும் இறைச்சியும் ஒரே அளவு உப்புக்கு வந்ததும் இறங்குவது நின்றுவிடும். அதனால் இரண்டு மூன்று தரமாவது தண்ணீர் மாற்றுங்கள். அவசரத்துக்குச் சுடுதண்ணீர் வேண்டாம், இறைச்சி கெட்டுப்போகும். குளிர்சாதனப் பெட்டியில் இடமில்லையென்று பானையைப் பல்கனியில் வைப்பவர்கள் கவனம்: தண்ணீர் உறைந்தால் ஊறலும் அதோடு நின்றுவிடும்.

24ஆம் திகதி மாலை ஆறு மணிக்குச் சாப்பாடு என்றால், 23 காலை எட்டரைக்கு ஊறப்போட்டு, மறுநாள் பிற்பகல் இரண்டரைக்கு அடுப்பில் ஏற்றலாம். அதற்கு ஒரு மணி நேரம் முன்பு, தடித்த பக்கத்தில் சிறு துண்டு வெட்டித் தனியாய் அவித்து ருசி பாருங்கள். நாக்கு சுள்ளென்றால் தண்ணீரை மாற்றி இன்னும் இரண்டு மணி நேரம் விடுங்கள், விருந்தாளி காத்திருக்கட்டும்.

அவிப்பது நமக்குக் கைவந்த வேலை. பட்டை உரித்த பேர்ச் மரக் குச்சிகளைக் கடையில் இறைச்சிக்குப் பக்கத்திலேயே விற்பார்கள். பானை அடியில் குறுக்கும் நெடுக்குமாய் அடுக்கி, குச்சி மட்டத்துக்குத் தண்ணீர் விட்டு, தடித்த துண்டுகள் கீழே வர இறைச்சியை அடுக்கி இறுக மூடுங்கள். குச்சி இல்லையென்றால் இட்லிச் சட்டித் தட்டு போதும், யாரும் கோபிக்கமாட்டார்கள். பட்டையோடு காட்டுக் குச்சி மட்டும் வேண்டாம், கைக்கும். மெல்லிய சூட்டில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். அரைமணிக்கொரு தடவை தண்ணீரைப் பார்த்து, கொதிநீரே விடுங்கள். வற்றினால் குச்சி கருகும், தீ எச்சரிக்கை மணி முழு மாடிக்கும் சொல்லிவிடும். சதை எலும்பிலிருந்து தானாய்க் கழன்றால் பதம். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் 225 பாகையில் கிறில் போட்டுச் சில நிமிடம் வையுங்கள்.

தொட்டுக்கொள்ளக் கோல்ரூட் என்ற மஞ்சள் கிழங்கில் மசியல். ஒரு கிலோ கோல்ரூட், ஒரு கரட், இரண்டு உருளைக்கிழங்கு: உப்பில்லாமல் அவித்து, தண்ணீரை வடித்து, வெறும் சட்டியில் ஒரு நிமிடம் ஈரம் போகவிட்டு மசித்து, 50 கிராம் வெண்ணெயும் ஒரு டெசிலீற்றர் கிரீமும் சேருங்கள். இறைச்சிப் பானையின் அடிநீரை விட்டால்தான் அதற்கு மணம். ஆனால் அதுவும் உப்புத் தண்ணீர். கரண்டி கரண்டியாய் விட்டு ருசி பார்த்து நிறுத்துங்கள். கூடவே வெறுமனே அவித்த உருளைக்கிழங்கு. பக்கத்தில் கட்டைச் சம்பல் வைத்தால் குற்றமில்லை, கொழுப்புக்கு அது நன்றாகவே எடுபடும்.

தட்டுகளைச் சூடாக்கி வையுங்கள். ஆட்டுக்கொழுப்பு குளிர்ந்த தட்டில் பட்டதும் மெழுகாய் உறைந்து உதட்டில் ஒட்டும். மிஞ்சிய சதையை மறுநாள் பருப்புக்குள் போடலாம், உப்பு மட்டும் தனியாய்ப் போடாதீர்கள்.