மழையை ஒழுங்கைக்கு விரட்டும் வீடுகள்: யாழ்ப்பாணத்தில் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது என்பது இலங்கையின் காலநிலைக் கொள்கையில் அதிகம் பேசப்படும் இலக்கு. அதனாலேயோ என்னவோ, கூரையில் சூரியத் தகடுகளைப் பூட்டிவிட்டால் காலநிலைக்கு ஏற்ற வீடு கட்டியாயிற்று என்று யாழ்ப்பாணத்தில் பலர் ஆறுதலடைகிறார்கள். தகடுகள் நல்லவைதான். ஆனால் காலநிலை மாற்றம் இந்தக் குடாநாட்டை முதலில் தாக்குவது தண்ணீரின் வழியாக என்பதை மறந்து வீட்டுப்படம் கீறுவதே முதல் தவறு.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எமக்கில்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் தங்கும் மழைநீரே கிணற்று நீர், அது கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. மேலே ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்பதையும் அதே கணக்குச் சொல்கிறது. மேற்பரப்பில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக இருக்கும் நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சாட்சி. ஆகவே ‘இன்னும் ஆழமாகத் துளைத்தால் நல்ல தண்ணீர் வரும்’ என்று குழாய்க்கிணறு அடிப்பவர் பெரும்பாலும் உப்பைத்தான் தேடிப் போகிறார்.

இப்போது ஒரு வளவை எடுத்துக்கொள்வோம். இரண்டு பரப்புக் காணி என்றால் ஏறத்தாழ 500 சதுர மீற்றர். ஆண்டு மழை 1,250 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், அந்த வளவில் விழுவது ஆறு இலட்சம் லீற்றருக்கும் அதிகம். முன்பு மணல் முற்றமும் வாழையடியும் பெருமளவைக் குடித்துவிடும். மிஞ்சியது கிடுகு வேலியின் அடியால் கசிந்து அயலுக்குப் போய்விடும். இன்று, வீடு கட்டி முடிந்ததும் உள்ளூராட்சி சபை தரும் இணக்கச் சான்றிதழ் கிடைக்கும்வரை மண்ணாக இருந்த முற்றம், கிடைத்த மறுமாதமே சுவரோடு சுவராகச் சீமெந்தாகவோ இன்ரர்லொக் கல்லாகவோ மாறிவிடுகிறது. சுற்றிவர மதில், தண்ணீர் போக ஒரேயொரு படலை. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் வெள்ளத்துக்குப் பயந்து காணியை மூன்று அடி மண் போட்டு உயர்த்தினார். அடுத்த மாரியில் அடுத்த வீட்டுக் குசினிக்குள் தண்ணீர். அவரும் மண் போட்டார். இப்போது எல்லா வீடுகளும் உயரத்தில் இருக்கின்றன, ஒழுங்கைதான் வாய்க்காலாக ஓடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் புத்திசாலித்தனமாகவே நடந்துகொண்டார்கள்.

பள்ளக் காணியையும் குளக்கரையையும் ‘மலிவாக வருகிறது’ என்று வாங்கி நிரப்புவதும் இதே தவறின் பெரிய வடிவம். ஆரியகுளம், புல்லுக்குளம் போன்ற நகரக் குளங்கள் மாரி வெள்ளத்தைத் தாங்கி, நிலத்துக்குள் இறக்கிய கிண்ணங்கள். 2021இல் ஆரியகுளம் அழகாகப் புனரமைக்கப்பட்டது. ஆனால் குளத்துக்கு வரும் வாய்க்கால்கள் வழியில் அடைபட்டால், நடைபாதையும் விளக்குகளும் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரமாட்டா. 2008 நவம்பரில் நிஷா புயலின் வெள்ளம் எங்கெங்கே தேங்கி நின்றது என்பதை வயதானவர்களிடம் கேட்டாலே பாதி நில வரைபடம் கிடைத்துவிடும்.

நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தவறு ஒன்றும் உண்டு. மழைநீரைச் சேமிக்கச் சொன்னார்கள் என்று முற்றத்து வெள்ளத்தை நேரே கிணற்றுக்குள் திருப்பிவிடுகிறார்கள். மணல் நிலத்தில் மண் ஓரளவு வடிகட்டும். சுண்ணாம்புக் கல் வெடிப்பில் அழுக்கு அப்படியே ஓடும், அயல்க் கிணறுகளுக்கும் போகும். கூரைநீரை மட்டுமே, அதுவும் முதல் மழையைக் கழித்துவிட்டு, மணலும் கரியும் இட்ட தொட்டியால் வடித்து இறக்க வேண்டும். ஆயிரம் சதுர அடிக் கூரை, சேதாரம் போக, ஆண்டுக்குத் தொண்ணூறாயிரம் லீற்றர்வரை தரும். தொட்டியை மூடாமல் விட்டால் நுளம்புதான் முதலில் குடியேறும்.

மலசலகூடக் குழியும் அதே நிலத்துக்குள்தான் இருக்கிறது. கிணற்றிலிருந்து 50 அடி தள்ளி வெட்டினால் போதும் என்ற பழைய மனக்கணக்கு, இரண்டு பரப்பை நான்காகப் பிரித்து விற்கும் இந்தக் காலத்தில் காகிதத்தில்கூடப் பொருந்துவதில்லை. நமது கிணறு தள்ளியிருந்தாலும் பக்கத்து வீட்டுக் கிணறு மதிலோரம் இருக்கும். அடி பூசாத குழிக்குப் பதில் நீர் கசியாத தொட்டியும், அதன் கழிவுநீரை வாழை, கல்வாழை உறிஞ்சும் பாத்தியும் செலவு கூடினாலும் இங்கே அவசியம். மாடி கட்டி வாடகைக்கு விடுவோர் இந்தச் செலவைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

தாளையடியில் 2024இல் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தைக் காட்டி, இனிக் கிணறு எதற்கு என்று கேட்போரும் இருக்கிறார்கள். கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் நிறைய வேண்டும். கூரைத் தகட்டால் மிச்சப்படுத்திய மின்சாரத்தை, முற்றத்தில் விழுந்த மழையை விரட்டிவிட்டுத் திரும்ப வாங்கச் செலவிடுவது என்ன கணக்கு?

கண்ணாடி முகப்பும் வெறும் கொங்கிறீற் தட்டும் வைத்த கொழும்புப் பாணியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சித்திரை வெயிலில் அந்த மாடி அறைக்குள் ஒருநாள் படுத்தவருக்குத் தெரியும். கடற்கரையோரம் விடுதி கட்ட நினைப்போர் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே அனுமதி பெறாமல் அத்திவாரம் வெட்டக்கூடாது.

வெளிநாட்டிலிருந்து வந்து காணி பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஆடி, ஆவணியில், நல்லூர்த் திருவிழா விடுமுறையில் வருகிறார்கள். அப்போது எல்லாக் காணியும் மேட்டுக் காணியாகவே தெரியும். கார்த்திகையில் யாராவது உறவினரை அனுப்பி, ஒழுங்கையில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது, மதிலில் ஈரக்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லலாம். மறுபடி பங்குனியில் போய், பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.