மணல்மேட்டில் சறுக்கும்போது படுத்துக்கொண்டால் பயமில்லையா?

பெரு நாட்டில் இக்கா நகரத்தை ஒட்டி உவாகாச்சினா என்றொரு சிற்றூர். நடுவில் ஒரு குளம், கரையில் பனைகள், அவற்றுக்குப் பின்னால் வானத்தை மறைக்கும் மணல்மேடுகள். பொழுது சாயும் நேரத்தில் மணலில் ஓடும் பக்கி வண்டிகள் பயணிகளை உச்சியில் கொண்டுபோய் இறக்கிவிடும். ஆளுக்கொரு பலகை, கூடவே ஒரு மெழுகுத் துண்டு. புதிதாக வந்தவர் கீழே எட்டிப் பார்த்ததும் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "நின்னா விழுந்துடுவேன், நான் படுத்துக்கிட்டே போறேன்."

அங்கேதான் தப்பு தொடங்குகிறது. நின்று போகிறவர் தடுமாறித் தடுமாறித்தான் இறங்குவார். வேகம் மிஞ்சினால் பொத்தென்று பின்னால் உட்கார்ந்துவிடலாம், மணல் தாங்கிக்கொள்ளும். குப்புறப் படுத்தாலோ பாரம் பலகை முழுக்கப் பரவுகிறது. பலகை புதையாமல் வழுக்குகிறது. நமீபியாவின் ஸ்வாகோப்முண்டில் படுத்துச் சறுக்குகிறவர்கள் மணிக்கு 80 கி.மீ. வரை தொடுகிறார்கள். அதுவும் தலை முன்னால் போகிறது!

படுக்கவே கூடாது என்பதில்லை. சின்ன மேட்டில் இரண்டு மூன்று முறை பழகிவிட்டுப் படுங்கள். பலகையின் முன்விளிம்பை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும்; விட்டால் பலகையின் மூக்கு மணலைக் குத்தும், நீங்கள் அதைத் தாண்டிப் பறப்பீர்கள். முழங்கைகள் மணலில் படக்கூடாது, உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போல ஆகிவிடும். என் இடது முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கால்களை அகட்டி, ஷூ நுனியை மணலில் அழுத்துவதுதான் பிரேக். வாயை மூடிக்கொள்ளுங்கள். கத்தினால் மணல்தான் சாப்பாடு.

பனியில் பலகைமேல் நின்று சறுக்கத் தெரிந்தவர்களுக்கு வேறு சிக்கல். அங்கே பாரம் முன்காலில் இருக்கும். இங்கே அப்படி நின்றால் பலகை மணலுக்குள் இறங்கிவிடும். பின்காலில் சாய்ந்து நிற்க வேண்டும். வீட்டிலிருந்து பனிச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு வருவதும் வீண், காய்ந்த மணலில் அது நகராது. வழவழப்பான அடிப்பாகம் உள்ள மணல் பலகைக்கே ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்னால் மெழுகு தேய்க்க வேண்டும். ஒருமுறை தேய்த்தால் போதும் என்று விட்டுவிட்டு, பாதி வழியில் நின்றுபோய் பலகையைத் திட்டுகிறவர்கள் நிறைய.

உச்சியிலிருந்து பார்த்தால் சுவர் மாதிரி தெரியும். ஆனால் காய்ந்த மணல் சுமார் 34 டிகிரிக்கு மேல் நிற்காது, தானே சரிந்துவிடும். அதனால் சரிவைவிட அடிவாரத்தைக் கவனியுங்கள். சரிவு சட்டென்று சமதரையாக மாறுகிற இடத்தில்தான் பலகையின் மூக்கு குத்தும். அங்கே புதர் இருக்கிறதா, முன்னால் போனவர் இன்னும் உட்கார்ந்து மணலைத் தட்டிக்கொண்டிருக்கிறாரா என்று பார்த்த பிறகே கிளம்புங்கள். நீங்கள் இறங்கியதும் முதல் வேலை பக்கவாட்டில் ஒதுங்குவது.

நடுப்பகலில் போகவே வேண்டாம். அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள கிரேட் சாண்ட் டியூன்ஸ் பூங்காவில் கோடைப் பகலில் மணல் 65 டிகிரி செல்சியஸ் வரை சுடும். செருப்பு போட்டாலும் பாதம் வெந்துவிடும். ஷூவும் சாக்ஸும் அவசியம்.

திரும்ப ஏறுவதற்கு பக்கி வராத இடங்களில் சரிவின் நடுவே ஏறாதீர்கள். இரண்டு எட்டு வைத்தால் ஒன்று கீழே சறுக்கும். முகட்டு விளிம்பை ஒட்டி, முன்னால் போனவரின் காலடித் தடத்திலேயே கால் வைத்து ஏறினால் மூச்சு மிஞ்சும். போன் மட்டும் வண்டியிலேயே இருக்கட்டும், சார்ஜ் போடும் ஓட்டைக்குள் மணல் புகுந்தால் லேசில் வெளியே வராது.