சும்மா வந்த பொருளுக்கு இவ்வளவு விலையா? தொண்டுக் கடையில் விலை பார்க்கும் முறை

கேரள-தமிழ்நாடு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தொண்டு அமைப்பு நடத்தும் பழைய பொருள் கடையில் விலைச் சீட்டு எழுதுவது என் வேலை. சம்பளம் கிடையாது. அதற்கு முன்பு பல வருடம் தையல் கடை வைத்திருந்தேன், அதனால் துணி வந்தால் என் மேசைக்குத்தான் வரும். சித்தூர், வேலந்தாவளம், அந்தப் பக்கம் பொள்ளாச்சி வரை உள்ள வீடுகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் பொருள் வருகிறது. வாங்க வருகிறவர்களில் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: “ஏனுங்க அக்கா, சும்மா வந்த துணிதானுங்களே, இதுக்கு எதுக்கு நூறு ரூபா?”

கேட்க வேண்டிய கேள்விதான். சில தொண்டுக் கடைகளில் விலை உண்மையிலேயே அதிகம். கோவையில் ஒரு கடையில் ஓரம் நைந்த பள்ளிக்கூடப் பைக்கு 300 ரூபாய் போட்டிருந்ததைப் பார்த்தேன், அதே அளவு புதுப் பை அதே தெருவில் 350-க்குத் தொங்கியது. இப்படி விலை வைப்பது தப்பு. ஆனால் ‘சும்மா வந்தது’ என்பதை வைத்து விலை கூடுதலா குறைவா என்று சொல்ல முடியாது. வேறு கணக்கு வேண்டும். நான் சீட்டு எழுதும்போது போடும் கணக்கைச் சொல்கிறேன், நீங்கள் எந்தக் கடையிலும் நின்று இதைப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் அதே பொருள் புதிதாக என்ன விலை என்று பாருங்கள். அட்டைப் பெட்டியில் அச்சடித்திருக்கும் எம்.ஆர்.பி.யைப் பார்க்காதீர்கள். அது உச்ச விலை, பல சாமான்களை அதைவிடக் குறைத்தே கொடுக்கிறார்கள். பொள்ளாச்சிக் கடைவீதியில் அதை என்ன விலைக்குக் கொடுக்கிறார்கள், அல்லது போனில் தேடினால் என்ன காட்டுகிறது, அதுதான் புது விலை. அதில் எவ்வளவு ஆயுள் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, சரிசெய்ய ஆகும் செலவைக் கழியுங்கள். அன்றாடத் துணிக்குப் புது விலையில் கால் பங்கு, வீட்டுச் சாமானுக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது என் அளவு. அதற்கு மேல் சீட்டு இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கடைக்காரரிடம் பதில் இருக்க வேண்டும்.

துணியை எப்படிப் பார்ப்பது

துணியை மடித்தபடி பார்த்து வாங்கவே வாங்காதீர்கள். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். சட்டையில் அக்குள், முழங்கை, காலர் மடிப்பு. பேன்ட்டில் தொடை இடுக்கு, பின்புறம். சுடிதாரில் பக்கவாட்டுத் திறப்பு முடியும் இடம். இந்த இடங்களில் வெளிச்சம் சல்லடையாக வந்தால் துணி இற்றுவிட்டது, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அப்புறம் ஒரு தையலின் இரு பக்கமும் பிடித்து லேசாக இழுங்கள். ஊசி ஓட்டைகள் பெரிதாகி வாய் பிளந்தால் அது நாலு துவைப்பு தாங்காது.

தையல் விட்டிருப்பது வேறு, துணி கிழிந்திருப்பது வேறு. தையல் விட்டது பத்து நிமிட வேலை, அதற்காக நல்ல துணியை விட்டுவிட வேண்டாம். அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லலாம். பட்டன் இல்லாததும் அப்படித்தான். ஜிப் போயிருந்தால் மாற்றும் கூலியை உங்கள் ஊர் தையல்காரரிடம் கேட்டுக் கழியுங்கள். காலர் மட்டும் நைந்த நல்ல பருத்திச் சட்டையில் காலரைப் பிரித்துத் திருப்பித் தைக்கலாம், அந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கறையில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எண்ணெய்க் கறை பெரும்பாலும் போய்விடும். வாழைக்கறை போகாது. எங்கள் பக்கம் தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் துணியில் கறுப்பாக, திட்டுத் திட்டாக இருப்பது அதுதான். அந்தத் துணிக்கு வேலை உடுப்பின் விலையைத்தான் கொடுக்க வேண்டும். லெக்கின்ஸ், இழுவை உள்ள பனியன் வகையறா எல்லாம் ரப்பர் நூல் செத்தபின் எதற்கும் ஆகாது. நான் அவற்றுக்குச் சீட்டே எழுதுவதில்லை, துடைக்கும் துணிக் குவியலில் போட்டுவிடுவேன்.

உள்ளே திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள். தையலுக்கு அப்பால் ஒரு அங்குலம் துணி விட்டிருந்தால், கீழே மடிப்பு பெரிதாக இருந்தால், அது இரண்டு வருடம் போட்டுக்கொள்ளக்கூடிய உடுப்பு. வளரும் பிள்ளைக்கு வாங்கும்போது இதுதான் முதல் கணக்கு. அப்படிப்பட்ட சீருடைக்கு இருபது ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.

சீருடையைப் பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. எல்லைக்கு இருபுறமும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை கிடைக்கிறது. கேரளத்தில் கீழ் வகுப்புகளுக்குக் கைத்தறித் துணியே கொடுக்கிறார்கள். திண்டாடுவது தனியார் பள்ளியில் கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பங்கள்தான். பள்ளி சொல்கிற கடையில்தான் வாங்க வேண்டும் என்பதால் அந்தத் துணிக்குப் போட்டி விலையே இல்லை. தொண்டுக் கடை அதைப் பயன்படுத்திக்கொண்டு ‘புதுசு ஆயிரத்து ஐந்நூறு, இது எழுநூறு’ என்று எழுதினால் அது தொண்டு ஆகாது. கால் பங்கு என்ற அளவைக்கூட நான் சீருடைக்கு எடுப்பதில்லை. சட்டை 40, பாவாடை அல்லது கால்சட்டை 50, யார் கேட்டாலும் அதுதான்.

பட்டுச் சேலை நேர்மாறு. பட்டுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று சீட்டைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. காஞ்சிபுரம் சுத்த ஜரிகையில் வெள்ளி இருக்கிறது, மேலே பொன் பூச்சு. அந்த வெள்ளிக்காகவே பழைய பட்டு வாங்குகிறவர்கள் தெருத்தெருவாக வருகிறார்கள். கடை இருநூறு ரூபாய்க்குக் கொடுத்தால் அது ஒரு ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குப் போகாது, வியாபாரியின் பைக்குத்தான் போகும். எனவே ஜரிகையைப் பாருங்கள்: ஓரத்தில் ஒரு இழையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிவது சுத்த ஜரிகைக்கு அடையாளம். செம்பு நிறமோ வெள்ளை நூலோ தெரிந்தால் அந்த விலை அதிகம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். மடிப்புக் கோட்டில் இழை விட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பெட்டியில் வருடக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்தக் கோட்டில்தான் அறும்.

சமையல் சாமான், மின்சாரச் சாமான்

குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். தரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள், அடி உப்பியிருந்தால் வேண்டாம். விளிம்பில் நசுங்கல் இருந்தால் மூடி சரியாக உட்காராது. இது இரண்டும் சரியாக இருந்தால், கேஸ்கட்டும் பாதுகாப்பு வால்வும் அதே கம்பெனியினுடையது புதிதாக வாங்கிப் போடுங்கள். அந்தச் செலவைக் கழித்துத்தான் பழைய குக்கருக்கு விலை. மிக்ஸியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டிக் காட்டாத கடையில் வாங்காதீர்கள். ஜாருக்கு அடியில் தண்ணீர் கசிந்தால், கத்தித் தண்டைத் தாங்கும் புஷ்ஷை மாற்றினால் போதும், மலிவு. கருகிய வாடை வந்தால் மோட்டார் காயில் போய்க்கொண்டிருக்கிறது, அதற்குக் கட்டும் கூலி மிக்ஸியின் விலையைத் தாண்டிவிடும். ஹெல்மெட் பழசாக வாங்கவே கூடாது. ஒருமுறை அடி வாங்கியது வெளியே தெரியாது.

மின்விசிறிக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது, அதுவும் எல்லையில் வாழும் நமக்கு. பழைய சீலிங் ஃபேன் ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் ஓடுகிறது. தினமும் 12 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு ஏறக்குறைய 200 யூனிட் வித்தியாசம். தமிழ்நாட்டுப் பக்கம் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், மற்றச் செலவு குறைவாக உள்ள சின்ன வீட்டுக்கு இந்த வித்தியாசத்தில் பெரும் பகுதி பில்லில் தெரியாது. கேரளத்தில் அப்படி எல்லோருக்குமான இலவசம் இல்லை, யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். அதனால் அதே 400 ரூபாய் பழைய ஃபேன் கோபாலபுரம் செக்போஸ்டுக்குக் கிழக்கே தமிழ்நாட்டில் மலிவாகவும் மேற்கே கேரளத்தில் விலை அதிகமாகவும் இருக்கலாம். பழைய ஃபிரிட்ஜுக்கும் இதே யோசனை வேண்டும், இன்னும் கூடுதலாகவே.

இன்னொன்று. தமிழ்நாட்டு அரசு 2011 முதல் சில வருடம் கொடுத்த விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் இந்தப் பக்கம் பழைய சாமான் கடைகளில் தென்படும். மடிக்கணினியும் வரும். அரசு முத்திரையோ முதல்வர் படமோ ஒட்டியிருக்கும், அல்லது ஒட்டியதைக் கிழித்த தடம் இருக்கும். மக்களுக்கு விலையில்லாமல் கொடுத்ததை விலை போட்டு விற்பதற்கு நாங்கள் எடுப்பதில்லை. யாராவது கொண்டுவந்தால் ‘பக்கத்து வீட்டில் இல்லாதவர்களுக்குக் கொடுங்கள்’ என்று திருப்பி அனுப்பிவிடுவோம். விலை குறைவு என்பதற்காக நீங்களும் வாங்காதீர்கள்.

பாடப் புத்தகம் வாங்குவதானால் பதிப்பு வருடத்தைப் பாருங்கள். கேரளத்தில் ஒற்றைப்படை வகுப்புகளுக்கு 2024-லும் இரட்டைப்படை வகுப்புகளுக்கு 2025-லும், பத்தாம் வகுப்பு வரை புத்தகம் மாறிவிட்டது. அதற்கு முந்தையது பத்து ரூபாய் என்றாலும் வீண்.

பணம் எங்கே போகிறது

விலை நியாயமா என்பதில் பாதி இந்தக் கேள்விதான். சில கடைகள் ஏழைகளுக்கு மலிவாகப் பொருள் கொடுப்பதற்காக நடக்கின்றன. சில கடைகள் வசதி உள்ளவர்களிடம் நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரியோ முதியோர் இல்லமோ நடத்துகின்றன. இரண்டும் நல்ல காரியம், ஆனால் இரண்டுக்கும் ஒரே விலை இருக்க முடியாது. எந்த வகை என்று கடையில் நேராகக் கேளுங்கள். போன வருடம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று சுவரில் ஒட்டியிருந்தால் நல்லது. கேட்டால் காட்டினாலும் போதும். கேட்டதும் கோபம் வருகிற கடைக்கு நான் பொருளும் கொடுக்க மாட்டேன், வாங்கவும் மாட்டேன்.

என் மகள் இங்கிலாந்தில் பர்மிங்காமில் நர்ஸ். இந்தப் புகாரை அங்கே எல்லோரும் பேசுகிறார்கள் என்கிறாள்: புதிதாக 5 பவுண்டுக்குக் கிடைக்கும் சட்டை பழசாக 4 பவுண்டு. அங்கே இந்தக் கடைகள் பழைய கதை. ஆக்ஸ்போர்டு நகரத்தில் பிராட் தெருவில் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு அமைப்பு 1940-களின் கடைசியில் தொடங்கிய கடை இன்றும் இருக்கிறது. அந்த நாட்டில் நன்கொடையாக வந்த பொருளை விற்றால் வாட் (VAT) என்ற விற்பனை வரி இல்லை. கடைக் கட்டடத்துக்கான உள்ளாட்சி வரியில் 80 சதவீதம் தள்ளுபடி. பொருள் கொடுத்தவர் வரி கட்டுகிறவராக இருந்து ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால், விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் கூடத் தருகிறது. இவ்வளவு சலுகை வாங்கியும் விலை ஏன் என்று மக்கள் கேட்பது சரிதான். ஆனால் வாடகை, மின்சாரம், மேலாளர் சம்பளம், விற்காத குப்பையை அகற்றும் செலவு எல்லாம் அங்கே மிக அதிகம் என்பதும் உண்மை.

நம் பக்கம் அந்தச் சலுகைகள் இல்லை. 80ஜி என்று சொல்லும் வருமான வரிக் கழிவு பணமாகக் கொடுத்தால்தான், பொருளாகக் கொடுத்தால் கிடையாது. வருகிற மூட்டையில் நல்ல பங்கு விற்க முடியாதது. சுனாமி சமயத்தில் நாகப்பட்டினத்துச் சாலையோரம் யாருக்கும் ஆகாத பழந்துணி குவிந்து கிடந்ததைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். எங்கள் கடைக்கும் உள்ளாடை, ஈரத்துணி, ஒற்றைச் செருப்பு எல்லாம் வருகின்றன. அதைப் பிரிக்க ஆள், துவைக்கச் சோப்பு, வண்டி வாடகை. உங்கள் நூறு ரூபாயில் அதுவும் இருக்கிறது. கொடுக்கிறவர்கள் துவைத்து, பட்டன் தைத்துக் கொடுத்தால் வாங்குகிறவருக்கு விலை குறையும். இதை ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பேரம் பேசலாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் பேசலாம். ‘சும்மா வந்ததுதானே’ என்று ஆரம்பித்தால் எனக்குச் சொல்லப் பதில் உண்டு, விலை குறையாது. “அக்கா, இந்த ஜிப் மாத்த அம்பது ரூபா ஆகுமுங்க, அதைக் கழிச்சுக்குங்க” என்றால் மறுபேச்சில்லாமல் சீட்டை மாற்றி எழுதுவேன். கையில் உண்மையிலேயே பணம் இல்லையென்றால் கூட்டத்தில் பேரம் பேச வேண்டாம், சீட்டு எழுதுகிறவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கம்பளி, குழந்தைத் துணி, நடைக் கம்பு, சக்கர நாற்காலி இவற்றை விலை இல்லாமலே கொடுக்க எங்கள் கடையில் ஏற்பாடு உண்டு. மற்றக் கடைகளிலும் இருக்கலாம், கேட்டால்தான் தெரியும்.

வரும்போது ஒரு இஞ்சு டேப்பும், பிள்ளைக்கு இப்போது பொருந்துகிற ஒரு சட்டையும் கொண்டு வாருங்கள். பழைய துணியில் ஒட்டியிருக்கும் அளவுச் சீட்டை நம்ப முடியாது. மாதக் கடைசி சனிக்கிழமை, விற்காமல் தங்கியதெல்லாம் பாதி விலை. சீருடைக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம், பள்ளி திறக்கும் முன் மே முதல் வாரத்திலேயே வந்துவிடுங்கள்.