சம்பளப் பட்டியலில் சறுக்கும் இடங்கள்: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி சிறுதொழில் முதலாளிகளுக்கு

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி லேத் பட்டறை வைத்திருப்பவர், கிருஷ்ணகிரியில் மாங்கூழ் கம்பெனி நடத்துபவர், தருமபுரியில் ஜவுளிக்கடை போட்டிருப்பவர் என்று யாரிடம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பற்றிக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அதெல்லாம் கன்சல்டன்ட் பார்த்துக்கிறாருங்க." பட்டியல் போடும் வேலையை இன்னொருவரிடம் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் நோட்டீஸ் வந்தால் அதில் இருப்பது கன்சல்டன்ட் பெயர் அல்ல, உங்கள் பெயர். அதனால் எங்கெங்கே சறுக்கும் என்பது முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பக்கம் அதிகம் நடக்கிற தவறு, "மூணு மாசம் ஆள் நிக்கிறானான்னு பார்த்துட்டு பி.எஃப். போடலாம்" என்பது. சட்டத்தில் அப்படி ஒரு மூன்று மாதமே கிடையாது. 20 பேர் வேலை செய்யும் இடத்துக்கு பி.எஃப்., 10 பேருக்கு இ.எஸ்.ஐ. இரண்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பொருந்தும். இ.எஸ்.ஐ.யில் புது ஆளைச் சேர்ந்த பத்து நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பவர் பிரஸ்ஸில் விரல் போவது சேர்ந்து நாலு மாதம் கழித்துத்தான் நடக்கும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. பழகாத கைதான் முதலில் மாட்டும். பதிவு செய்து பணம் கட்டியிருந்தால் சிகிச்சை, குணமாகும் வரை சம்பளத்தில் 90 சதவீதம், நிரந்தர ஊனம் என்றால் மாதாமாதம் தொகை எல்லாவற்றையும் இ.எஸ்.ஐ. பார்த்துக்கொள்ளும். பணம் கட்டாமல் விட்டிருந்தால், தொழிலாளிக்குக் கொடுத்ததை இ.எஸ்.ஐ. உங்களிடமிருந்தே வசூலிக்கும். 14,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மாத இ.எஸ்.ஐ. எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். அவர் பங்கு 0.75 சதவீதம், 105 ரூபாய். உங்கள் பங்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். இதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பட்டறையையே அடமானம் வைக்கிற நிலைமை வருகிறது.

தலை எண்ணுவதிலும் இதே கதைதான். கான்ட்ராக்டர் அனுப்பும் ஆட்கள், சீசனுக்கு வரும் ஆட்கள், வாரக்கூலி ஆட்கள் எல்லோரும் கணக்கில் சேர்வார்கள். மாம்பழ சீசனில் ஆள் கூடி 20-ஐத் தொட்டு, சீசன் முடிந்து குறைந்தாலும் பி.எஃப். தானாக விலகிவிடாது.

அடுத்தது, அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டுவது. 16,000 ரூபாய் கொடுக்கிறார்கள். பட்டியலில் அடிப்படை 6,000, "சிறப்புப் படி" 10,000. 6,000-க்குத் தொழிலாளி பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம், தரப்புக்கு 720 ரூபாய் கட்டியாகிவிட்டது என்று நிம்மதி. எல்லோருக்கும் ஒரேபோல வழக்கமாகக் கொடுக்கும் படியும் பி.எஃப். கணக்கில் சேரும் என்று சுப்ரீம் கோர்ட் 2019 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. அப்படிப் பார்த்தால் உச்சவரம்பான 15,000-க்குத் தரப்புக்கு 1,800 ரூபாய் கட்ட வேண்டும். ஒரு ஆளுக்கு இரு தரப்பும் சேர்த்து மாதம் 2,160 ரூபாய் குறைகிறது. 22 பேர் என்றால் மாதம் 47,520. இரண்டு வருடம் கழித்து ஆய்வுக்கு வந்தால் இது எங்கே போய் நிற்கும் என்று பெருக்கிப் பாருங்கள். தொழிலாளி பங்கையும் அன்றைக்கு அவர் சம்பளத்தில் பிடிக்க முடியாது, உங்கள் கையிலிருந்துதான் போகும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் விலக்குப் பெறும் படிகளே மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்க்கப்படும். "நம்ம கன்சல்டன்ட் போட்டுக் கொடுத்த ஸ்ட்ரக்சர்" என்ற சமாதானம் இனி எடுபடாது.

பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பதை நான் தவறு என்றுகூடச் சொல்ல மாட்டேன், அது அதைவிடப் பெரியது. அது தொழிலாளியின் பணம். பில் பணம் வரவில்லை, அடுத்த மாதம் சேர்த்துக் கட்டலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். அடுத்த மாதம் 15-ஆம் தேதிதான் கெடு. தாண்டினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, பி.எஃப். என்றால் அதற்கு மேல் மாதத்துக்கு 1 சதவீத அபராதம். வருமான வரியிலும் அடி விழலாம். தொழிலாளியின் பங்கைக் கெடு தாண்டிக் கட்டினால் அதைச் செலவாகக் காட்ட முடியாது என்று 2022 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. இப்போதைய விதியை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆதார் விவரத்தைச் சரிபார்க்காமல் சேர்ப்பது சின்னத் தவறாகத் தெரியும், ஆனால் ஏழைத் தொழிலாளியை ரொம்ப அலைய வைக்கும். ஆதாரில் இனிஷியலோடு பெயர், பான் கார்டில் அப்பா பெயரை விரித்து எழுதிய பெயர், பி.எஃப். கணக்கில் இரண்டிலும் இல்லாத எழுத்துக்கூட்டல். மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்கப் போகும்போதுதான் அது தெரியவரும். ஒடிசா, பீகார் பக்கமிருந்து வரும் பையன்களுக்குப் பழைய யு.ஏ.என். (எந்த வேலைக்குப் போனாலும் மாறாத பி.எஃப். எண்) ஏற்கெனவே இருக்கும். சேரும்போதே பழைய பி.எஃப். விவரத்தைச் சொல்லும் படிவம் 11 வாங்கிக் கேட்டுவிடுங்கள். இன்னொரு எண் போட்டுவிட்டால் இரண்டையும் இணைப்பதற்குள் அவர் வேறு ஊருக்கே போயிருப்பார்.

எல்லையோரத்துக்கே உரிய தவறும் ஒன்று உண்டு. ஓசூர்க்காரர்கள் பலர் பெங்களூரு நிறுவனத்திடம் பட்டியல் வேலையைக் கொடுக்கிறார்கள். அவர்கள் சாஃப்ட்வேரில் கர்நாடக விதி ஏறியிருக்கும், தொழில்வரி என்று மாதாமாதம் 200 ரூபாய் பிடித்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் தொழில்வரி அரையாண்டுக்கு ஒருமுறை. அரையாண்டு வருமானத்தைப் பார்த்து, அதிகபட்சம் 1,250 ரூபாய். கட்டுவது உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சிக்கு. தொழிலாளர் நல நிதியும் நம் மாநிலக் கணக்கில் வேறு: ஆண்டுக்குத் தொழிலாளி 20, முதலாளி 40 ரூபாய், ஜனவரி 31-க்குள். குறைந்தபட்ச ஊதியத்தின் பஞ்சப்படி ஏப்ரல் 1 தோறும் மாறும், தொழிலுக்குத் தொழில் வேறுபடும். இதையும் உள்ளூர் விதிப்படிதான் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். வேலையை விட்டு நின்ற ஆளுக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்பதையும் புதிய சட்டம் சொல்கிறது. "பத்தாம் தேதி எல்லோருக்கும் போடும்போது வாங்கிக்கோ" என்பது இனி செல்லாது.

இனி கன்சல்டன்ட் தேடுவது. தலைக்கு இவ்வளவு என்று குறைந்த கூலி சொல்பவரிடம் போய்விடுவதுதான் வழக்கம். கூலியை விட முக்கியமாக நான் பார்ப்பது சாவி யார் கையில் இருக்கிறது என்பதை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இணையதளங்களில் கன்சல்டன்டின் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் பதிவாகியிருந்தால், ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும், நோட்டீஸும் அவருக்குத்தான் போகும். அவரோடு மனஸ்தாபம் வந்தால் உங்கள் கணக்கு உங்களுக்கே திறக்காது. எண் உங்களுடையதாக இருக்கட்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் உங்கள் பீரோவில் இருக்கட்டும். சலான் பணத்தை அவர் ஜிபேக்கு அனுப்பாதீர்கள், கம்பெனி வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டுங்கள். மாதம் 16-ஆம் தேதி மூன்று தாள் வாங்குங்கள்: பி.எஃப். சலான், இ.எஸ்.ஐ. சலான், பெயர்வாரிப் பட்டியல். சலானில் உள்ள டி.ஆர்.ஆர்.என். என்ற அடையாள எண்ணைப் போட்டுப் பணம் சேர்ந்ததா என்று நீங்களே பி.எஃப். தளத்தில் பார்க்கலாம். அதோடு ஏதாவது ஒரு தொழிலாளியைக் கூப்பிட்டு, அவர் பாஸ்புக்கில் போன மாதத் தொகை ஏறியிருக்கிறதா என்று அவர் போனிலேயே காட்டச் சொல்லுங்கள்.

கன்சல்டன்டைச் சேர்த்துக்கொள்ளும் முன்பு அவரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. தாமதமானால் அபராதம் யார் பொறுப்பு? ஆய்வுக்கு வந்தால் நீங்கள் நேரில் வருவீர்களா? இதை எழுத்தில் வாங்குங்கள். பாதியில் மாற்ற வேண்டி வந்தால் ஏப்ரல் அல்லது அக்டோபரில் மாற்றுவது நல்லது. இ.எஸ்.ஐ. பங்களிப்புக் காலமும் தொழில்வரி அரையாண்டும் அப்போதுதான் தொடங்கும், கணக்குப் பிரிப்பது சுலபம். பழைய பட்டியல்கள், சலான்கள், படிவம் 11, வருகைப் பதிவேடு எல்லாவற்றையும் கைக்கு வாங்கிக்கொண்டு, கடவுச்சொல்லை மாற்றிய பிறகு கடைசி மாதக் கூலியைக் கொடுங்கள்.