பழைய கிட்டாரோடு எல்லை தாண்டும் முன்

அமெரிக்காவின் பஃபலோவில் பழைய அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கி காரில் கனடாவுக்குக் கொண்டுவருகிறீர்களா? விலை பேசும் முன் என்ன மரம் என்று கேளுங்கள். பிரேசிலியன் ரோஸ்வுட் 1992 முதல் சைட்டிஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சான்று இல்லாவிட்டால் எல்லையில் கிட்டாரே பறிபோகலாம். 1969-க்கு முந்தைய மார்ட்டின் நிறுவனத்தின் டி-28 மாடல் கிட்டார் இந்த மரம்தான். உள்ளே இருக்கும் வரிசை எண்ணை வைத்து ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம். இந்திய ரோஸ்வுட் என்றால் கவலை வேண்டாம், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு வந்துவிட்டது. தந்தமோ ஆமை ஓடோ பதித்திருந்தால் தொடவே தொடாதீர்கள்.

அப்புறம், பிரிட்ஜின் (கிட்டாரின் முகப்பில் கம்பிகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டின்) பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது, விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

சுங்கத்தில் பழைய பொருளுக்கென்று தனிச் சலுகை கிடையாது. 48 மணி நேரமாவது வெளியே தங்கியிருந்தால் 800 கனடிய டாலர் வரை வரியில்லை. காலையில் போய் மாலையில் திரும்பினால் விலக்கே இல்லை. தனிநபரிடம் வாங்கினாலும் விலை, தேதி, வரிசை எண் போட்டு ஒரு ரசீது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குறைத்து மட்டும் எழுதச் சொல்லாதீர்கள், சந்தை விலையை அதிகாரி அங்கேயே போனில் பார்த்துவிடுவார்.